வானொலி மக்களை மாற்றியதா, வானொலிப் பெட்டி மாற்றியதா?

சிற்றலை | 3 பிப்ரவரி 2024, இரவு 9:40

வானொலி சமூகத்தை எப்படி மாற்றியது என்று எழுத உட்காரும் எல்லாரும் நிகழ்ச்சிகளின் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். எந்தத் தலைவர் எந்த நாளில் பேசினார், எந்த நாடகத்துக்கு ஊரே கூடியது, அவ்வளவுதான். என் கட்சி வேறு. ஒலிவாங்கி, வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் ஒலியைப் பெருக்கிய கண்ணாடிக் குழாய்), மின்கலம், அலைநீளம் ஆகிய நான்கும்தான் யார் பேசலாம், எந்தக் குரலில் பேசலாம், யாரோடு உட்கார்ந்து கேட்கலாம் என்பதை முடிவுசெய்தன. நிகழ்ச்சி அதற்குப் பிறகு வந்து உட்கார்ந்த விருந்தாளி.

பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடைப் பாடகருக்குக் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். தொண்டையைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தித்தான் பாட முடியும். ரிப்பன் ஒலிவாங்கி வந்தபின் 15 செ.மீ. அருகில் நின்று முணுமுணுத்தாலே போதும். கிட்டே போகப் போகத் தாழ்ந்த சுரங்கள் தானாகத் தூக்கலாகும் குணம் அதற்கு உண்டு. விளைவு, முன்பின் தெரியாத ஒரு ஆண் வீட்டுக்குள் வந்து காதோரம் கொஞ்சுவதுபோல ஒரு பாட்டு வகை. 1932 ஜனவரியில் பாஸ்டன் கர்தினால் ஓ'கானல் இந்தக் குழைவுப் பாடகர்களைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். பாட்டின் வரிகளைவிட, அந்தக் குரல் எவ்வளவு கிட்டே வந்தது என்பதுதான் அவரைச் சுட்டிருக்கும்.

மறுப்பவர்கள் வரலாம்.

ஈயப்பற்று | 3 பிப்ரவரி 2024, இரவு 10:55

கட்சி சரி, சாட்சிதான் சரியில்லை.

ரிப்பன் ஒலிவாங்கி நிலையங்களுக்கு வந்தது 1931 வாக்கில். குழைந்து பாடுவது 1920களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. அப்போது இருந்தவை கார்பன், அப்புறம் கண்டென்சர். இரண்டுமே அழுத்தத்தை மட்டும் உணரும் வகை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். கிட்டே போனால் தாழ்ந்த சுரம் ஏறும் குணம் ரிப்பன்போல அழுத்த வேறுபாட்டை உணரும் வகைக்குத்தான் உண்டு. ஆக அந்தக் கொஞ்சலுக்கு முதல் காரணம் வால்வுப் பெருக்கி. மெல்லிய குரலையும் பெரிதாக்க முடியும் என்றானபின் கத்த வேண்டிய தேவை போயிற்று. ரிப்பன் அதற்கு மெருகு கொடுத்தது, அவ்வளவே.

இன்னொன்று. ரிப்பனை வைத்திருப்பவர்கள் யாரும் அதன் முன்னால் ஊதிப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது சில மைக்ரான் கனமே உள்ள அலுமினியத் தகடு. ஒரு ஊதலில் நீண்டு தொங்கிப்போகும், பிறகு ஒலி மந்தமாகிவிடும். நேர் எதிரே பேசாமல் 45 பாகை சாய்வாக நின்று பேசினால் 'ப' வெடிப்பது குறையும். கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கும்போது ஒலிக்கலவை மேசை ஒலிவாங்கிகளுக்கு அனுப்பும் 48 வோல்ட் போனாலும் அதே கதிதான்.

சிற்றலை | 4 பிப்ரவரி 2024, காலை 6:10

ஒப்புக்கொள்கிறேன். ரிப்பனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெருக்கியை வைத்து வாசித்துக்கொள்ளுங்கள். கர்தினாலை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

நாடாப்பெட்டி | 4 பிப்ரவரி 2024, பகல் 12:25

குரல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சிற்றலையின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி பெண் குரல்.

1920களில் பெண் குரல் வானொலிக்குப் பொருந்தாது, கீச்சென்று கேட்கிறது, தெளிவில்லை என்று நிலையங்களே முடிவுகட்டின. அதற்கு ஒரு பொறியியல் காரணம் இருந்தது. மத்திய அலையில் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதில் பாதிதான் ஒலிக்குக் கிடைக்கும், அதாவது 4.5 அல்லது 5 கிலோஹெர்ட்ஸ். ஸ, ஷ, ச போன்ற உரசொலிகளின் வலு பெரும்பாலும் அதற்கு மேலேதான். பெண் குரலில் அது இன்னும் மேலே ஏறியிருக்கும். கருவி அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்பியது. அன்றைய கூம்பு ஒலிபெருக்கியும் ஆண் குரலுக்கு இசைவாகச் சரிபார்க்கப்பட்டதுதான். கருவியின் குறையைத் தொண்டையின் மேல் போட்டார்கள். செய்தி வாசிப்பு பல பத்தாண்டுகள் ஆண்கள் வேலையாக இருந்ததற்கு இது ஒரு சாக்கு. ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

குறுகிய அலைவரிசையில் இன்றும் இதே தொல்லை உண்டு. கனம் வேண்டும் என்று தாழ்ந்த சுரத்தை ஏற்றிவிடுகிறார்கள், அது தெளிவைத்தான் கெடுக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபெல் தூக்கிப் பாருங்கள். தமிழில் எண் வாசிக்கும்போது தனி எச்சரிக்கை வேண்டும். இருபது, அறுபது, எழுபது மூன்றுக்கும் வால் ஒன்றே. இரைச்சலில் தலை அடிபட்டால் கேட்பவருக்கு வால் மட்டும்தான் மிஞ்சும். வெள்ள எச்சரிக்கையில் "அறுபது, ஆறு பூஜ்யம்" என்று இருமுறை சொல்வதுதான் பாதுகாப்பு.

அஞ்சலட்டை | 4 பிப்ரவரி 2024, மாலை 7:02

எல்லாரும் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டுவிட்டீர்கள். உள்ளடக்கத்துக்குச் சக்தி இல்லை என்றால் தான்சானியாவுக்கு என்ன பதில்?

1993-இல் அந்நாட்டு வானொலி குடும்பக் கட்டுப்பாடு, எய்ட்ஸ் இரண்டையும் வைத்து ஒரு தொடர் நாடகம் தொடங்கியது. நாடு முழுவதும் ஒலித்தது. டொடோமா பகுதி மட்டும் விலக்கு. அங்குள்ள நிலையம் 1995 வரை அந்த நேரத்தில் உள்ளூர் நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நாடகம் கேட்ட பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளுக்கு வந்தவர்கள் கூடினார்கள், டொடோமாவில் அந்த ஏற்றம் இல்லை. பிறகு டொடோமாவிலும் நாடகத்தை விட்டார்கள், அங்கும் ஏறியது. பெட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபட்டது நாடகம்.

எழுதும் முறை மெக்சிகோவின் மிகேல் சாபிடோ வகுத்தது. மூன்று வகைப் பாத்திரங்கள். நல்வழியில் நிற்பவர், கெடுவழியில் போகிறவர், நடுவில் தடுமாறுகிறவர். கதையின் உயிர் மூன்றாமவர்தான். கேட்பவர் தன்னை அவரிடத்தில்தான் வைத்துப் பார்ப்பார். அவர் ஒரே அத்தியாயத்தில் திருந்தினால் நாடகம் செத்தது. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று மாதக்கணக்கில் இழுக்க வேண்டும்.

பழுதாவது எங்கே என்றால் கெடுவழிக்காரரிடம். எழுத்தாளருக்கு அவர்மேல்தான் ஆசை வரும், நல்ல வசனமெல்லாம் அவருக்கே போகும், கேட்பவருக்கும் அவரையே பிடித்துவிடும். அதற்குப் பயந்து அவரைச் சட்டென்று தண்டித்தால் பிரசார வாடை அடிக்கும். தான்சானிய நாடகத்தில் ஊர் ஊராய்ப் பெண் தேடும் லாரி ஓட்டுநருக்குக் கேடு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த நிதானம்தான் வித்தை.

சிற்றலை | 4 பிப்ரவரி 2024, இரவு 8:15

டொடோமா தனியாகப் பிரிக்கக்கூடிய ஒலிபரப்பியாக இருந்ததால்தானே அளக்க முடிந்தது? அதுவும் கருவிதான்.

ஈயப்பற்று | 4 பிப்ரவரி 2024, இரவு 8:21

மழை பெய்தாலும் பெட்டி, வெயிலடித்தாலும் பெட்டி. சிற்றலை ஐயா, இந்த வாதத்துக்கு ஃபியூஸ் கிடையாதா?

காந்தஊசி | 6 பிப்ரவரி 2024, காலை 11:30

செவ்வாய்க் கிரகவாசிகள் பூமிமேல் படையெடுப்பதைச் செய்திபோல் ஒலிபரப்பிய அந்த நாடகம் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன். 1938 அக்டோபர் 30, அமெரிக்கா நடுங்கியது. உள்ளடக்கத்தின் சக்திக்கு அதைவிடவா சான்று?

நாடாப்பெட்டி | 6 பிப்ரவரி 2024, பகல் 1:48

அந்தச் சான்றை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அன்றிரவு தொலைபேசியில் எடுத்த கேட்போர் கணக்கெடுப்பில் அந்த நாடகத்தைக் கேட்டவர்கள் 2 சதவீதம்தான். பெரும்பாலோர் அதே நேரத்தில் வேறு நிலையத்தில் வந்த நகைச்சுவை நிகழ்ச்சியில் இருந்தார்கள். அதன் நாயகர் பொம்மையை மடியில் வைத்துப் பேசும் வித்தைக்காரர். உதடு அசையாமல் பேசுவதுதான் அவர் தொழில், அதை வானொலியில் செய்தார், நாடே கேட்டது. (உதடு அசைந்ததா என்று யார் பார்த்தது?)

பயந்தவர்கள் இல்லாமல் இல்லை. நாடே பயந்தது என்பது மறுநாள் செய்தித்தாள்கள் ஊதியது. விளம்பரப் பணத்தை வானொலி அள்ளிக்கொண்டு போன காலம் அது. பொறுப்பில்லாத ஊடகம் என்று காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தது. இந்தக் கதை வானொலியின் செல்வாக்கைவிடச் செய்தித்தாளின் எரிச்சலைத்தான் நன்றாகக் காட்டுகிறது.

காந்தஊசி | 6 பிப்ரவரி 2024, மாலை 5:05

அமெரிக்காவை எடுத்துவிடலாம். அதே கதையை 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் கீட்டோ நகர வானொலி உள்ளூர் இடப்பெயர்களோடு நாடகமாக்கியது. அங்கே மக்கள் உண்மையிலேயே தெருவுக்கு ஓடினார்கள். நாடகம் என்று அறிவித்ததும் பயம் ஆத்திரமாக மாறி, நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். உயிர்ப்பலியும் ஆனது. அந்தக் கட்டடம் யாருடையது தெரியுமா? ஒரு செய்தித்தாளுடையது. வானொலியை நடத்தியதும் அவர்களே.

ஏன் அங்கே பற்றியது என்பதுதான் கேள்வி. முன்கூட்டி நாடகம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. வழக்கமான இசை நிகழ்ச்சியை நடுவில் அறுத்துச் செய்திபோல் நுழைத்தார்கள். அதிகாரிகள் பேசுவதுபோல் நடிகர்கள் பேசினார்கள். போலிச் செய்தி ஒலியை நாடகத்தில் வைக்கும் நிலையம் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு இடைவேளையிலும் அறிவிப்புச் சொல்ல வேண்டும். நடுவில் வந்து சேர்கிறவர் முன்னறிவிப்பைக் கேட்டிருக்க மாட்டார். அச்சுக்கும் வானொலிக்கும் உள்ள முதல் வேறுபாடு அதுதான்: தலைப்பைத் திரும்பிப் பார்க்க முடியாது.

சிற்றலை | 7 பிப்ரவரி 2024, இரவு 9:12

கருவிக்குத் திரும்புகிறேன். 1933-இல் ஜெர்மனியில் வந்த மக்கள் வானொலிப் பெட்டி, மாதிரி எண் 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிக்கும் எண். வெளிநாட்டு நிலையம் எடுக்க முடியாதபடியே அதை வடிவமைத்தார்கள். பெட்டியையே காவல்காரனாக்கிய கதை அது.

ஈயப்பற்று | 7 பிப்ரவரி 2024, இரவு 10:30

எண் விஷயம் சரி. மற்றது எல்லாரும் சொல்லும் தவறு.

அது மின்னூட்டிக்கான வால்வைச் சேர்த்து மூன்றே வால்வு உள்ள மீளூட்டப் பெட்டி, அதாவது பெருக்கிய அலையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு மேலும் பெருக்கும் வகை. மலிவாகச் செய்ய வேண்டும் என்பதற்காக அந்தச் சுற்று. அருகில் உள்ள நிலையத்துக்கு அது போதும். இருட்டியபின் நல்ல ஏரியல் கட்டி மீளூட்டக் குமிழைப் பொறுமையாகத் திருகினால் வெளிநாட்டு நிலையமும் வரும். பகலில் மத்திய அலையை அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும். சூரியன் விழுந்ததும் அந்த அடுக்கு கரையும், மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும். வரவே வராது என்றிருந்தால் 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி வெளிநாட்டு நிலையம் கேட்பது குற்றம் என்று எதற்கு ஆணை போட வேண்டும்? குமிழில் எச்சரிக்கை அட்டை எதற்கு மாட்ட வேண்டும்?

மீளூட்டப் பெட்டியின் குணம் ஒன்று உண்டு. குமிழைக் கொஞ்சம் அதிகம் திருகினால் பெட்டி தானே ஊளையிடும். ஊளை அதோடு நிற்காது, ஏரியல் வழியாக வெளியேறிப் பக்கத்து வீட்டுப் பெட்டியிலும் விசிலாகக் கேட்கும். தூர நிலையத்தைத் தேடுகிறவர் தன்னையே காட்டிக்கொடுக்க வழி இருந்தது. காவல்காரன் கதை வேண்டுமானால் இதை எழுதுங்கள்.

சிற்றலை | 8 பிப்ரவரி 2024, காலை 6:30

இது என் கதையைவிட நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் உண்மையிலேயே பெட்டியில் வரம்பு வைத்தது சோவியத் ஒன்றியம். கடைகளில் விற்ற சிற்றலைப் பெட்டிகள் பொதுவாக 25 மீட்டரோடு நின்றுவிடும். 19, 16, 13 மீட்டர் பட்டைகள் கிடையாது. வெளிநாட்டு ஒலிபரப்பு பகலில் நன்றாக எடுபடும் இடம் அதுதான். இதையாவது ஏற்பீர்களா?

ஈயப்பற்று | 8 பிப்ரவரி 2024, இரவு 9:50

ஏற்கிறேன். மக்கள் அதைத் திறந்து திருத்தினார்கள் என்பதையும் சேர்த்து ஏற்கிறேன்.

கணக்கு எளிது. அதிர்வெண் சுருளின் சுற்று எண்ணிக்கைக்கு ஏறத்தாழ எதிர்விகிதம். 25 மீட்டர் என்பது 11.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 19 மீட்டர் என்பது 15.3 பக்கம். விகிதம் 1.3. ஆகவே 20 சுற்று இருந்தால் 15 ஆக்க வேண்டும். பழைய சுருளைப் பிரித்து ஒவ்வொரு சுற்றாக எடுத்துக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. சூப்பர்ஹெட் பெட்டி வரும் அலையை உள்ளேயே உண்டாக்கும் இன்னொரு அலையோடு கலந்து ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றும் வகை; அதில் ஏரியல் சுருள் ஒன்று, அந்த உள் அலையை உண்டாக்கும் அலையியற்றிச் சுருள் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அலையியற்றியை மட்டும் மாற்றினால் நிலையம் வரும், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். இடைநிலை அதிர்வெண் 465 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதன் இருமடங்கு, 930 தள்ளி இருக்கும் வேறொரு நிலையமும் மேலே ஏறி உட்காரும். இரண்டையும் மாற்றியபின் டிரிம்மரை (நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு மின்தேக்கி) திருகி, பட்டையின் மேல் முனையில் ஒலி உச்சத்துக்கு வருமாறு சரிபார்க்க வேண்டும்.

வெளிநாட்டு நிலையத்தின்மேல் இரைச்சலை ஏற்றும் அலைமறிப்பு தனி. நகரங்களில் தரையலை இரைச்சல் நிலையங்கள் அருகிலேயே இருந்தன. நகரத்தைவிட்டுச் சற்று வெளியே போனால் அவற்றின் பலம் சட்டென்று குறையும். ஊர் எல்லைக்கு வெளியே போய்ச் செய்தி கேட்பது ஒரு வழக்கமே ஆனது. சமூக வழக்கம் ஒன்று தரையலையின் வீச்செல்லையில் பிறந்திருக்கிறது. சிற்றலை ஐயா, இந்தாருங்கள், இலவசம்.

காந்தஊசி | 9 பிப்ரவரி 2024, பிற்பகல் 3:15

மின்கலத்தை மறந்துவிட்டீர்கள். கையடக்க வால்வுப் பெட்டிக்கு இழை சூடேற 1.5 வோல்ட், மேலே தனியாக 67.5 அல்லது 90 வோல்ட். நான்கு வால்வுக்கு இழை மட்டுமே 250 மில்லிஆம்பியர் குடிக்கும். சிறிய கலம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். 1954 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1-இல் நான்கே டிரான்சிஸ்டர், 22.5 வோல்ட் ஒற்றைக் கலம், சட்டைப் பையளவு. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் அதுவரை வீட்டுக் கூடத்தில் குடும்பத் தலைவர் கையில் இருந்த குமிழ் பிள்ளைகளின் பைக்குள் போய்விட்டது. இளைஞர்களுக்கென்று தனி இசை நிலையம் என்ற எண்ணம் கூடத்துப் பெட்டி இருந்தவரை விலைபோயிருக்காது.

அரசியலுக்கு ஒன்று சொல்கிறேன். 1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் பிரெஞ்சுத் தளபதிகள் நால்வர் அரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். 23-ஆம் தேதி இரவு பிரான்சின் குடியரசுத் தலைவர் டி கால் பேசினார். அந்தத் தளபதிகளுக்குக் கீழிருந்த கட்டாயப் படைவீரர்களிடம் டிரான்சிஸ்டர் இருந்தது. தளபதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று அவர் சொல்வதைப் படுக்கையில் உட்கார்ந்தே கேட்டார்கள். சில நாள்களில் கிளர்ச்சி சரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை டிரான்சிஸ்டர் சண்டை என்றே சொல்வார்கள். பாசறைக்கு ஒரே ஒரு பெட்டி, அதுவும் அதிகாரி அறையில் என்றிருந்தால் அந்தப் பேச்சு வாசலிலேயே நின்றிருக்கும்.

அஞ்சலட்டை | 9 பிப்ரவரி 2024, மாலை 6:40

டி கால் பேசாமல் இருந்திருந்தால் டிரான்சிஸ்டர் என்ன செய்திருக்கும்? பாட்டுப் பாடியிருக்கும்.

நாடாப்பெட்டி | 11 பிப்ரவரி 2024, காலை 10:20

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தைத் தொடாமலே சுற்றுகின்றன. ருவாண்டாவை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஆர்டிஎல்எம் என்ற தனியார் எஃப்.எம். நிலையம் 1993 ஜூலையில் தொடங்கியது. தொடக்கத்தில் அது வெறுப்பு நிலையமாகத் தெரியவில்லை. நல்ல இசை, தெருப்பேச்சு மொழி, நேயர்களோடு சிரிப்பு. அரசு வானொலியின் விறைப்புக்கு எதிரான ஆசுவாசம். நேயர்களைச் சேர்த்தபின்தான் மற்றது. 1994 ஏப்ரலில் துட்சி இனத்தவரைக் குறிவைத்த கொலைகள் தொடங்கியபோது பெயரும் இடமும் சொல்லி ஆளை அனுப்பும் அளவுக்குப் போனது. அதன் நிறுவனர்கள் இருவரைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003-இல் குற்றவாளிகள் என்றது.

எவ்வளவு கொலை வானொலியால் நடந்தது? அது மலைநாடு. எஃப்.எம். நேர்கோட்டில் போகும். நடுவே மலை நின்றால் பின்னால் உள்ள கிராமத்துக்குக் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் ஒன்றில் வரும், ஒன்றில் வராது. இதை வைத்துப் பின்னாளில் ஒப்பிட்டவர்கள் நிலையம் எடுபட்ட இடங்களில் வன்முறை கூடுதல் என்று கண்டார்கள். வேறு ஆய்வாளர்கள் நேரில் வந்த அதிகாரிகளும் ஆயுதக் குழுக்களும்தான் முதன்மை, வானொலி துணைக்காரணம் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சி பக்கம் சாய்வு. ஆனால் துணைக்காரணமும் பல்லாயிரம் உயிர் என்பதை மறக்கக் கூடாது.

இனி முக்கியமானது. 2004-இல் அதே நாட்டில் எதிர்ப்பக்கம் ஒரு முயற்சி. இரண்டு கிராமங்களுக்கிடையிலான பகையும் சமரசமும் பற்றிய தொடர் நாடகம். ஆய்வாளர்கள் சில குழுக்களுக்கு அதையும், வேறு சில குழுக்களுக்கு உடல்நல நாடகம் ஒன்றையும் ஓராண்டு கேட்கவைத்தார்கள். முடிவு விசித்திரமானது. நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, மற்றவர்கள் எதை ஏற்பார்கள் என்ற கணிப்பு. கலப்பு மணம், ஒருவரையொருவர் நம்புவது, மறுத்துப் பேசுவது போன்றவற்றில் "ஊர் என்ன சொல்லும்" என்ற பயம் இடம்மாறியது.

கடைசியில் ஒவ்வொரு குழுவுக்கும் பரிசாக ஒரே ஒரு ஒலிப்பெட்டியும் நாடாக்களும் கொடுத்தார்கள். யார் வைத்துக்கொள்வது? உடல்நல நாடகம் கேட்ட குழுக்கள் சட்டென்று உள்ளூர் அதிகாரியிடம் விட்டுவிட்டன. சமரச நாடகம் கேட்டவை பேசி, தர்க்கித்து, பொதுவில் வைத்துக்கொண்டன.

என் கணிப்பு இதுதான். வானொலி மனத்தை மாற்றுவது குறைவு. "இதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்டதும் எல்லாருக்கும் தெரியும்" என்ற அறிவை உண்டாக்குவதுதான் அதன் வேலை. நல்லதற்கும் கெட்டதற்கும் அதே நெம்புகோல். ஜெர்மனியிலும் 1933-க்கு முன் வானொலி எடுபட்ட பகுதிகளில் நாஜிகளின் வாக்கு வளர்ச்சி மந்தப்பட்டதாகவும், வானொலி அவர்கள் கைக்குப் போனதும் அது தலைகீழானதாகவும் பிற்கால ஆய்வு சொல்கிறது.

சிற்றலை | 11 பிப்ரவரி 2024, இரவு 9:33

ஒரு நாள் முழுதும் யோசிக்க வைத்துவிட்டீர்கள். முதல் பதிவை இப்போது எழுதினால் "யார் பேசலாம்" என்பதை முன்னால் வைத்திருக்க மாட்டேன். "யார் கேட்டார்கள் என்பது யாருக்குத் தெரியும்" என்று வைத்திருப்பேன். கூடத்துப் பெட்டியில் வீட்டார் எல்லாருக்கும் தெரியும். பைக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரில் யாருக்கும் தெரியாது. போர்வைக்குள் கேட்ட வெளிநாட்டுச் செய்தியை மறுநாள் யாரிடமும் சொல்ல முடியாது. கேட்ட செய்தி ஒன்றே ஆனாலும் அதன் சமூக எடை வேறு.

ஆனால் அல்ஜியர்ஸ் இதில் இடிக்கிறது. ஆளுக்கொரு பெட்டி, ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்தது. படைவீரர்கள் ஒரே கூரையின் கீழ் படுத்திருந்ததாலா?

காந்தஊசி | 11 பிப்ரவரி 2024, இரவு 10:02

அதேதான். டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கி வைத்தது, காதுக்குழாய் வைத்ததல்ல. பத்துக் கட்டிலுக்குக் கேட்கும்.

அஞ்சலட்டை | 12 பிப்ரவரி 2024, பகல் 2:10

நாடாப்பெட்டி சொன்னது உழவர் கேட்போர் குழுக்களுக்கு அப்படியே பொருந்தும். கனடாவில் 1941-இல் தேசிய அளவில் தொடங்கியது. படி, கேள், பேசு, செய் என்பது அவர்கள் முழக்கம். 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு புனேயை மையமாக வைத்து ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் சோதித்தார்கள். வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சி. ஒப்பிட வேறு கிராமங்களையும் எடுத்தார்கள், சிலவற்றில் வானொலி உண்டு, குழு இல்லை. குழு இருந்த கிராமங்களில் அறிவு தெளிவாக ஏறியது. பெட்டி மட்டும் இருந்த இடத்தில் ஏற்றம் சொற்பம்.

சிற்றலை, பெட்டி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக எதுவும் கிடைக்காது. நிகழ்ச்சி மட்டும் போதாது என்றும் அதே சோதனை சொல்கிறது, அது எனக்கு விழுந்த அடி. இருவருக்கும் ஆளுக்குப் பாதி.

குழு நடத்துகிறவர்களுக்கு. 15 முதல் 20 பேர், அதற்கு மேல் போனால் நாலு பேர்தான் பேசுவார்கள். தலைவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், இரண்டும் ஒரே ஆளாக வேண்டாம். ஒலிபரப்புக்கு 10 நிமிடம் முன்பே பெட்டியைப் போட்டு நிலையத்தைப் பிடித்துவைக்க வேண்டும், முதல் இரண்டு நிமிடம் குமிழ் திருகுவதில் போனால் தலைப்பே போச்சு. வட்டமாக உட்காருங்கள், பெட்டியும் வட்டத்தில் ஒரு ஆள் மாதிரி இருக்கட்டும். மேடைபோல் எதிரே வைத்தால் எல்லாரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். முடிந்ததும் அரைமணி பேச்சு. ஒரே ஒரு முடிவு, ஒரே ஒரு கேள்வி எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்கு அடுத்த வாரத்துக்குள் காற்றில் பதில் வர வேண்டும், குழுவின் பெயரோடு. மூன்று கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் குழு கலைந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் செத்தது மின்கலம் தீர்ந்தும், கடிதம் கிணற்றில் விழுந்தும்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி-27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் நின்றது, திருச்சி வானொலி பரப்பியதால். விதைக்கு ஊடகத்தின் பெயர் வைப்பது எத்தனை இடத்தில் நடந்திருக்கும்?

ஈயப்பற்று | 12 பிப்ரவரி 2024, இரவு 9:05

"எல்லாருக்கும் தெரியும்" என்பதற்கு மிகச் சிறிய உதாரணம் நேரக் குறியொலி. பிபிசி 1924 பிப்ரவரி 5-இல் தொடங்கியது, ஆறு பீப். 1972 தொடக்கத்திலிருந்து ஐந்து குட்டை, ஆறாவது நெட்டை. நெட்டை தொடங்கும் கணம்தான் மணி. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, ஆனால் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்தன.

இப்போது அது பொய். டிஜிட்டல் வானொலியில் குறிமாற்றத்துக்கு ஓரிரு நொடிகளாவது பிந்தும், பெட்டிக்குப் பெட்டி வேறு. இணைய ஓடையில் இருபது, முப்பது நொடியும் ஆகும். ஒரே அறையில் பழைய பெட்டியையும் கைபேசியையும் வைத்தால் உலகம் இரண்டு முறை மணியடிக்கும். பக்கத்து வீடு கோல் என்று கத்திய பிறகு உங்கள் வீட்டில் பந்து நடுக்கோட்டைத் தாண்டும்.

காந்தஊசி | 13 பிப்ரவரி 2024, காலை 8:44

நார்வே 2017-இல் தேசிய எஃப்.எம். நிலையங்களை மூடி டிஜிட்டலுக்குப் போயிற்று. பீப் பிந்தும் முதல் நாடு என்று பட்டம் கொடுக்கலாம்.

அஞ்சலட்டை | 14 பிப்ரவரி 2024, மாலை 4:30

தலைப்பை விட்டு ஒரு கேள்வி. சமூக வானொலிக்கு 50 வாட் ஒலிபரப்பி, 30 மீட்டர் கம்பம். கணக்குப்படி இருபது கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டும் என்கிறார்கள், ஆனால் பன்னிரண்டிலேயே இரைகிறது என்று ஒரு நிலையத்தின் புகார். எங்கே போயிருக்கும்?

ஈயப்பற்று | 14 பிப்ரவரி 2024, இரவு 10:12

கணக்குப்படி என்பது அடிவானக் கணக்கு. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும், 30-க்கு 22.5. அது அலை போகக்கூடிய எல்லை, வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்குத் தெளிவாகக் கேட்கும் எல்லை அல்ல. பன்னிரண்டு மோசமில்லை.

மிச்சத்தைக் கேபிளில் தேடச் சொல்லுங்கள். 10 மி.மீ. சாதாரணக் கோஆக்ஸியல் கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டெசிபெல் போகும். 40 மீட்டர் கேபிள் என்றால் 2.6. அடியில் 50 வாட் கொடுத்தால் உச்சியில் 27 வாட். பாதி கேபிளைச் சூடாக்கத்தான். இழப்புக் குறைந்த கேபிள் போட்டால் 35 வரை மேலே போகும். அதற்கு முன் உச்சி இணைப்பியைத் திறந்து பார்க்கட்டும். நீர் புகுந்திருந்தால் செம்புப் பின்னல் கறுத்திருக்கும். அப்படி இருந்தால் துடைத்துப் பயனில்லை, கறுத்த நீளம் முழுதையும் வெட்டி எறிந்து புதிய இணைப்பி போட வேண்டும். கேபிள் உள்ளே நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

சிற்றலை | 14 பிப்ரவரி 2024, இரவு 10:20

27 வாட். பார்த்தீர்களா அஞ்சலட்டை, உங்கள் நாடகத்தில் பாதியைக் கேபிள் தின்றிருக்கிறது.

அஞ்சலட்டை | 14 பிப்ரவரி 2024, இரவு 10:26

மீதிப் பாதியைக் கேட்கத்தான் குழு வைத்திருக்கிறோம். இணைப்பியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.